பதினைந்து பிள்ளைகள், ஒரு மரநிழல்: அம்மாமாரே ஒரு விளையாட்டு முற்றம் நடத்த முடியுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கேட்டவர் கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கும் இளம் தாய். ஊரில் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பதினைந்து பிள்ளைகள். கிட்டிய முன்பள்ளி நான்கு கிலோமீற்றர், சைக்கிள்தான். மாரியில் அதுவும் இல்லை. "நாங்கள் அம்மாமார் சேர்ந்து, பிள்ளைகள் விளையாடுகிற மாதிரி ஒரு இடத்தை நாங்களே நடத்தலாமா? எங்களில் ஒருவரும் ஆசிரியப் பயிற்சி எடுத்தவர் இல்லை. எழுத்துப் படிப்பிக்காமல் சும்மா விளையாட விட்டு என்ன பிரயோசனம் என்று மாமி கேட்கிறா. 2009இல் எனக்கு ஏழு வயது. எனக்கே ஒழுங்காக விளையாடத் தெரியுமோ தெரியாது" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, நடத்தலாம். நான் முதலில் முன்பள்ளி ஆசிரியையாகவும் பிறகு ஆசிரியைகளைப் பயிற்றுபவளாகவும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அலைந்தவள். அந்த அலைச்சலில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

இது நீங்கள் மட்டும் யோசித்த யோசனை இல்லை. 1941இல் நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில், கரோரி என்ற பகுதியில், சில தாய்மார் இதையேதான் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம். பல வீடுகளில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு தனியாக நின்ற தாய்மார் மூச்சுவிட ஒரு நேரமும், பிள்ளைகளுக்கு விளையாட ஒரு கூட்டமும் வேண்டுமென்று கூடினார்கள். பியாட்ரிஸ் பீபி, இங்கா ஸ்மிதெல்ஸ், ஜோன் வூட் என்பவர்கள் முன்னுக்கு நின்றவர்கள். அங்கே அதற்கு 'பிளேசென்ரர்', அதாவது விளையாட்டு மையம், என்று பெயர். ஊர் ஊராகப் பரவி, 1948இல் நாடு முழுவதற்குமான கூட்டமைப்பு ஆனது. அதன் முதல் தலைவி குவென் சொமர்செட், கிராமங்களில் வளர்ந்தோர் கல்வியில் ஊறியவர். அந்த அமைப்பின் குணத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விபரம் போதும். அது பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்றாலும், பாதிப் படிப்பு தாய்மாருக்கு. பிள்ளை எப்படி வளர்கிறது, எப்படிப் பழகுகிறது என்று பெற்றோரும் வகுப்பெடுத்துப் படித்து, முறை வைத்து, தாங்களே நடத்தினார்கள். இன்றைக்கும் அப்படித்தான், அரசின் நிதியும் அங்கீகாரமும் அதற்கு உண்டு. இங்கிலாந்திலும் 1961இல் பெல் டுடேவ் என்ற ஒரு தாய் தான் நடத்திய விளையாட்டுக் குழுவைப் பற்றிக் கார்டியன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதப் போய், அடுத்த வருடமே அது ஒரு சங்கமாகிவிட்டது.

நியூசிலாந்தில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். 1996இல் அவர்கள் சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தார்கள், பெயர் 'தே ஃபாரிகி'. அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் ஃபாரிகி என்றால் பின்னிய பாய். ஓலையை ஓலைக்குள் கொடுத்துப் பின்னுகிற மாதிரி வீடும் ஊரும் விளையாட்டும் பிள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று என்பது கருத்து. பனையோலைப் பாயில் படுத்து வளர்ந்த எங்களுக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம்.

வன்னியில் இப்படியான முயற்சிகள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்று முதலில் சொல்கிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஒரு கிராமத்துக்குப் போனேன். ஊரையும் உதவி செய்தவர்களையும் சொல்ல மாட்டேன். சீமெந்துக் கட்டடம், சுவரில் மிக்கி மவுஸ், வெளியில் பிளாஸ்டிக் சறுக்கு. உள்ளே ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் மரக்கட்டைகள், பொம்மைகள், புதிர்ப் படங்கள் எல்லாம் வந்தபோது இருந்த பொலித்தீன் உறையோடு. திறப்பு சங்கத் தலைவியிடம், அவர் கிளிநொச்சிக்குப் போய்விட்டார். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியில் அவர்களுடைய மூச்சு பட்ட வட்டங்கள் இருந்தன, கீழ்த்தட்டின் உயரத்தில் வரிசையாக. மூன்று வருடம் கழித்துப் போனபோது சறுக்கு வெயிலில் வெடித்துக் கிடந்தது, ஆசிரியைக்கான கொடுப்பனவு திட்டத்தோடு நின்றுவிட்டது, கட்டடம் பூட்டு. அலுமாரி மட்டும் புதுசு போலவே இருந்தது.

ஆகவே கட்டடத்தில் தொடங்காதீர்கள். காசிலும் தொடங்காதீர்கள். யாராவது வந்து "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டால், ஒரு வருடம் நடத்திவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். தேவை என்னவென்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும். நான் பார்த்தவற்றில் நெடுநாள் நிலைத்தவை எல்லாம் பொதுநோக்கு மண்டபத்தின் பக்கச் சார்ப்பிலோ, கோயில் மடத்திலோ, ஒரு பெரிய வேம்பின் கீழோ தொடங்கியவை. மரம் தெரிவுசெய்யும்போது தென்னைக்குக் கீழே வேண்டாம், பனைக்குக் கீழேயும் வேண்டாம். காரணம் உங்களுக்குத் தெரியும். வேம்பு, புளி, மருது நல்லவை. குளக்கட்டுக்குக் கிட்ட எவ்வளவு குளிர்ச்சியான மருது நின்றாலும் அதை விட்டுவிடுங்கள்.

இது எப்படிப்பட்ட இடம் என்பதை முதலிலேயே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். முன்பள்ளி என்றால் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது. இது பெரியவர்கள் தாங்களும் இருந்துவிட்டு வரும் இடம். இதைச் சொல்லாவிட்டால் இரண்டாவது கிழமையே பதினைந்து பிள்ளைகளும் உங்கள் ஒருத்தியின் தலையில் விழும். நீங்கள் சம்பளமில்லாத ஆயா ஆகிவிடுவீர்கள். மூன்றாவது மாதம் களைத்துப்போய் மூடிவிடுவீர்கள். நல்ல மனமுள்ள பெண்களுக்கு இது நடந்ததை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

முறை என்ற விசயம்தான் இதன் உயிர். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று வையுங்கள். பதினைந்து பிள்ளை வந்தால் மூன்று பேர். கிழமைக்கு மூன்று நாள், காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை. அப்படியென்றால் கிழமைக்கு ஒன்பது முறை. பதினைந்து வீட்டுக்குப் பங்கிட்டால், ஒரு வீட்டுக்கு ஐந்து கிழமையில் மூன்று தடவை. கணக்கில் இது பெரிய பாரமில்லை. ஆனால் கணக்கு வேறு, வன்னி வேறு. மாசி பங்குனியில் கச்சான் பிடுங்கப் போவார்கள். அதற்கு முன்னால் உழுந்து. காலபோக வெட்டு வந்தால் ஒரு மனுசரையும் வீட்டில் காணக் கிடைக்காது. கணவர் இல்லாமல் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு ஒரு நாள் கூலி போனால் அன்றைய சமையல் போச்சு. ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் விடிய முதல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். கிழமைக் கடன் கட்ட ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு ஊரில், முறைக்கு வராதவர்களுக்குத் தண்டம் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். பெரிய காசில்லை. ஒழுங்கு வரும் என்று நினைத்தார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்து தலையாட்டினேன். இரண்டு மாதத்தில் நாலு பிள்ளைகள் வரவில்லை. நாலும் கூலிக்குப் போகிற பெண்களுடைய பிள்ளைகள். ஒருத்தி வீட்டுக்கு நான் தேடிப் போனபோது, தேத்தண்ணி தந்துவிட்டு, "அக்கா, காசும் இல்லை, நேரமும் இல்லை, மானமாவது இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கு நான் தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எங்கள் முற்றம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத்தான் நாங்கள் வெளியே தள்ளியிருக்கிறோம்.

பிறகு அதே ஊரில் மாற்றினோம். முறைக்கு வர முடியாத வீட்டுக்கு வேறு முறை: சனி பின்னேரம் சாமான் கழுவுவது, மண் அரிப்பது, கிழிந்த பாய்க்குப் பதில் பாய் பின்னிக் கொடுப்பது. அம்மாவுக்குப் பதில் அம்மம்மா வரலாம், அப்பப்பா வரலாம். உண்மையில் அப்பப்பா ஒருவர் வந்தார். முதல் நாள் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்தார். மூன்றாவது நாள் குரும்பட்டியும் ஈர்க்கும் வைத்துத் தேர் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருடைய முறை எப்போது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அப்பாமாரையும் கூப்பிடுங்கள். கொட்டில் மேய மட்டும் கூப்பிட்டுவிட்டு அனுப்பாதீர்கள். பிள்ளையோடு மண்ணில் குந்தியிருக்கவும் கூப்பிடுங்கள். முதலில் சிரிப்பார்கள். ஒருவர் வந்தால் மற்றவர் வருவார்.

மாரியிலும் அறுவடையிலும் கிழமைக்கு ஒரு நாளாகக் குறையுங்கள். ஆனால் அந்த ஒரு நாளை விட்டுவிடாதீர்கள்.

இனி விளையாட்டுச் சாமான். இதில் எனக்கு எழுத ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண் முதலாவது. ஆற்று மணல் கொஞ்சம் கொண்டுவந்து, உழவு இயந்திரப் பழைய ரயர் ஒன்றுக்குள்ளோ நாலு பனைமரத் துண்டுக்கு நடுவிலோ கொட்டினால் போதும். இரவில் தறப்பாளால் மூடுங்கள், பூனை அசுத்தம் செய்யாமல். இரண்டாவது தண்ணீர். ஒரு அகலமான பேசின், சிரட்டைகள், வெட்டிய போத்தல்கள், ஒரு புனல், ஒரு துண்டு பைப். மூன்றாவது களி. வயல்பக்கத்துக் களிமண்ணை ஊறவைத்துப் பிசைந்து, ஈரச் சாக்கால் மூடி வைத்தால் கிழமைக்கணக்கில் இருக்கும். நாலாவது, அம்மா அப்பா விளையாட்டுக்கு ஒரு மூலை: பழைய சட்டி, அகப்பை, ஒரு சாறித் துண்டு, உடைந்த போன், கடைக்குத் தராசாக இரண்டு சிரட்டையும் ஒரு தடியும். மண்சோறு காய்ச்சத் தெரியாத பிள்ளை உலகத்தில் இல்லை. அப்புறம் பனை இருக்கிறது. நுங்குக் கோம்பையில் வண்டி, ஓலையில் காற்றாடி, காய்ந்த ஊமல் கொட்டைகளை அடுக்க, எண்ண, உருட்ட. பூவரசம் இலையில் பீப்பீ. சைக்கிள் ரயர் உருட்ட ஒரு தடி. இவ்வளவுக்கும் எந்தத் திட்ட முன்மொழிவும் எழுதத் தேவையில்லை.

சாமானைப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். உரப்பையில் தைத்த பைகளைக் கயிற்றில் தொங்கவிட்டால் அலுமாரியே வேண்டாம். எது வேண்டுமென்று பிள்ளையே எடுக்கட்டும். "இப்ப எல்லாரும் களி" என்று கட்டளை போடாதீர்கள். இது கஷ்டம். எங்களுக்கு வரிசையில் இருத்திப் பழக்கம்.

பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு காலையைச் சொல்கிறேன். நாலு வயதுப் பொடியன் ஒருவன் பேசினுக்குப் பக்கத்தில் இருந்து, சிரட்டையால் தண்ணீர் அள்ளிப் போத்தலுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். சிரட்டையின் கண் திறந்திருந்தது, அவன் அதைக் காணவில்லை. அள்ளுகிறான், கொண்டுவருகிறான், வருவதற்குள் பாதி காலில். மீண்டும் அள்ளுகிறான். முறைக்கு வந்திருந்த அவனுடைய தாய் எழும்பினாள், வேறு சிரட்டை கொடுக்க. நான் கையைப் பிடித்து இருத்தினேன். ஆறேழு தடவை அப்படியே போனது. பிறகு சிரட்டையைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். கண்ணுக்குள்ளால் எங்களைப் பார்த்தான். ஒரு விரலை அதற்குள் விட்டான். விரலை விட்டபடியே அள்ளினான். தண்ணீர் நின்றது. அவன் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "என்ன செய்தனி?" என்று தாய் கேட்டாள். "இதில ஓட்டை. நான் அடைச்சிட்டன்" என்றான். பிறகு பத்து நிமிடம் தாயும் மகனும் ஓட்டையைப் பற்றியே கதைத்தார்கள்: வேறு எதால் அடைக்கலாம், களியால் அடைத்தால் கரையுமா, அம்மம்மா வீட்டுக் குடத்தில் ஓட்டை வந்தபோது என்ன செய்தார்கள். அவள் எழும்பி வேறு சிரட்டை கொடுத்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

முறைக்கு வருகிறவர் செய்ய வேண்டியதில் பெரும் பங்கு இதுதான். கிட்ட இருப்பது, கையைக் கட்டிக்கொள்வது, பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது பேச்சுக் கொடுப்பது. பிள்ளை ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று சொல்ல, அது திரும்பவும் சொல்ல, பந்து எறிந்து பிடிப்பது போல. சின்ன வயதில் மூளையின் இணைப்புகள் வலுப்பெறுவது இப்படியான கொடுக்கல் வாங்கலில்தான் என்று பிள்ளை வளர்ச்சி படித்தவர்கள் சொல்வார்கள். இரண்டு வயதுக்காரர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள், சேர்ந்து விளையாடவில்லையே என்று கவலைப்படாதீர்கள். மூன்றரை, நாலு வயதில் ஒருவன் பஸ் ஓட்ட மற்றவன் ரிக்கற் கொடுக்கத் தொடங்குவான். கலப்பு வயதாக இருப்பது உங்களுக்கு நல்லது. சின்னது பெரியதைப் பார்த்துப் பழகும், பெரியது சின்னதைப் பார்த்துப் பொறுமை பழகும். சண்டையும் வரும். கடித்தால் பிரியுங்கள், சாமானுக்கு இழுபறி என்றால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சனத்துக்குப் படிப்பைத் தவிர வேறு சொத்து மிஞ்சவில்லை. இடம்பெயரும்போது சட்டி பானையை விட்டுவிட்டுப் பிள்ளையின் கொப்பியைக் கொண்டு ஓடிய ஊர் இது. ஆகவே எழுத்து வேண்டாமென்று அவரிடம் வாதாடாதீர்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்குகிறோமே, அதை ஞாபகப்படுத்துங்கள். பிள்ளையை மடியில் இருத்தி, தாம்பாளத்தில் அரிசி பரப்பி, விரலைப் பிடித்து அனா எழுத வைப்போம். அரிசியில் விரலால் என்பதைக் கவனியுங்கள். பென்சிலால் கொப்பியில் அல்ல. மூத்தவர்கள் அந்த வயதுக்கு மடியையும் அரிசியையும்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த நாளே நாலு கோட்டுக் கொப்பி வாங்கியது நாங்கள்.

'அ' என்ற எழுத்தையே பாருங்கள். ஒரு சுழி, அதிலிருந்து ஒரு வளைவு, திரும்பி ஒரு நேர்கோடு, அதைக் கடைசியில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வட்டம் போட வரும், நாலு வயதில் சிலுவைக் கோடு, சதுரம் ஐந்து வயதை அண்டித்தான். கை அதற்கு முன் தயாராவதில்லை. களி பிசைந்து, ஈர்க்கு முறித்து, தண்ணீர் பிழிந்து, மணலில் கோடு இழுத்த கை ஐந்து வயதில் பென்சிலைப் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியும். முதலாம் தரத்துக்கு ஐந்து வயது பூர்த்தியானதும்தானே எடுக்கிறார்கள். அதற்குள் என்ன அவசரம்? மாமியை ஒரு நாள் முறைக்குக் கூப்பிட்டு, கதை சொல்ல விடுங்கள். கதை கேட்கிற பிள்ளைக்குத்தான் பிறகு வாசிக்க ஆசை வரும். மாமிக்கும் தன் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இனி நீங்கள் கடைசியில் எழுதியது. "எனக்கே விளையாடத் தெரியுமோ தெரியாது."

2009இன் நடுப்பகுதியில், போர் முடிந்த கையோடு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நான் இருந்தேன். வெள்ளைத் தறப்பாள் கூடாரங்கள், தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை. சில தாய்மார் ஒரு மரத்தடியில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். சாமான் என்று ஒன்றுமில்லை. பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் தெரியுமா? ஒருவன் "ஷெல்!" என்று கத்துவான், எல்லாரும் குப்புற விழுவார்கள். ஒருத்தி எழும்ப மாட்டாள், மற்றவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். திரும்பத் திரும்ப இதே விளையாட்டு. தாய்மாருக்குத் தாங்கவில்லை, அடித்து நிறுத்தினார்கள். அடித்தாலும் கூடாரத்துக்குப் பின்னால் போய் அதையே விளையாடினார்கள். பிறகு நாங்கள் தடுக்கவில்லை, பக்கத்தில் இருந்தோம். கன நாள் சென்று ஒரு பிள்ளை, தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு மண்ணில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது. அடுத்த நாள் கஞ்சிக்கு வரிசை வந்தது. பிறகு அந்த வரிசையில் சண்டை வந்தது, சிரிப்பு வந்தது. ஷெல் விழுவது மெல்ல மெல்லக் குறைந்து கடை விளையாட்டாக மாறியது. அந்தப் பிள்ளைகளுக்குப் பேசித் தீர்க்க வார்த்தை இருக்கவில்லை, விளையாட்டுத்தான் இருந்தது.

உங்களுக்கு அப்போது ஏழு வயது என்றால், அந்தக் கூட்டத்தில் நீங்களும் எங்கோ நின்றிருப்பீர்கள். பங்கருக்குள் இருந்த மாதங்களில் சத்தம் போடாதே, வெளியே போகாதே என்றுதான் கேட்டிருப்பீர்கள். இப்போது உங்கள் பிள்ளை ஓடினாலே உங்களுக்கு நெஞ்சு பதறும். உங்கள் வயதுத் தாய்மார் பலரிடம் இதைக் காண்கிறேன். பிள்ளையைக் கண்முன்னால் இருத்தி வைத்து, கையில் போனைக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. அது சோம்பல் இல்லை, பயம். தாய்மாரும் கூட இருக்கிற முற்றம் ஒன்று எங்கள் பக்கத்துக்கு மற்ற இடங்களைவிட அதிகமாகத் தேவை என்று நான் நினைப்பது இதனால்தான். ஒரு தாய் ஆறு மாதம் முறைக்கு வந்தாள். கரையில் கதிரையில் இருப்பாள், பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் களி மேசையில் ஆள் குறைவு என்று கூப்பிட்டோம். ஆட்டுக்கல் செய்தாள், அம்மி செய்தாள், பிறகு அடுப்பு. பிள்ளைகள் எழும்பிப் போன பிறகும் செய்துகொண்டிருந்தாள். அவளை யாரும் எழும்பச் சொல்லவில்லை, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லவும் இல்லை. ஆகவே விளையாடத் தெரியாது என்று தள்ளி நிற்காதீர்கள். களியில் கையை வையுங்கள், வரும்.

முறை முடிந்ததும் அன்றைக்கு நின்ற மூன்று பேரும் கால்மணி நேரம் இருந்து கதையுங்கள். யார் என்ன செய்தான், எது பிடித்தது, யார் ஒதுங்கி நின்றான், நாளைக்கு என்ன வைக்கலாம். ஒரு கொப்பியில் நாலு வரி எழுதுங்கள். ஆறு மாதம் போனால் அந்தக் கொப்பியைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் இல்லை. பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார், அவரை மாதம் ஒரு தடவை வந்து கதைக்கச் சொல்லிக் கேளுங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் கூப்பிடுங்கள். நிறை பார்க்கிற நாளை முற்றத்தில் வைத்தால் அவருக்கும் அலைச்சல் மிச்சம்.

பெயரில் கவனம். முன்பள்ளி என்று பலகை போட்டால் அது மாகாணத்தின் கீழ் வருகிற விசயம், பதிவும் ஆசிரியைத் தகைமையும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். நீங்கள் முன்பள்ளி நடத்தவில்லை. ஊர்த் தாய்மார் கூடும் விளையாட்டு முற்றம் என்று கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொடுத்து, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலும் பதிந்துவிடுங்கள். நான்கு வயதானதும் முன்பள்ளிக்குப் போக முடிகிற பிள்ளை போகட்டும், போட்டி வேண்டாம். போருக்குப் பிறகு எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் முன்பள்ளிகள் பட்ட பாடு போதும். ஒரு பகுதி பாதுகாப்பு அமைச்சைச் சேர்ந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் நல்ல சம்பளத்தோடு, மற்றப் பகுதி சின்னக் கொடுப்பனவோடு என்று ஆசிரியைகளே இரண்டாகப் பிரிந்து நின்ற காலத்தைப் பார்த்தவள் நான். காசு எங்கிருந்து வருகிறதோ அங்கேயிருந்துதான் கட்டளையும் வரும். வீட்டுக்கொரு பிடியரிசி சேர்த்து விற்றால் பிள்ளைகளின் பத்துமணிக் கௌபிக்கும் சவர்க்காரத்துக்கும் காணும். முழுக் கச்சான் கொடுக்காதீர்கள், சின்னதுகளுக்குப் புரைக்கேறும்.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. கட்டில்லாத கிணறு பக்கத்தில் இருந்தால் வேலி அடைக்கும்வரை தொடங்காதீர்கள். பேசின் தண்ணீர் ஒரு சாண் ஆழம் என்றாலும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். அலரி நிற்கிற வளவு வேண்டாம், அதன் கொட்டை நஞ்சு. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதென்று குண்டுமணி பொறுக்கிக் கொடுக்கிறார்கள், அதுவும் நஞ்சு. ரயர்களில் அடியில் ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு வரும். மணல், களி எடுக்கும் இடம் மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடமா என்று உறுதிப்படுத்துங்கள். இரும்புத் துண்டு எதைக் கண்டாலும் தொடாமல் பெரியவரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே விளையாட்டாகப் பழக்குங்கள். வருடம் எத்தனை போனாலும் எங்கள் மண்ணில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பதினைந்து வீட்டையும் ஒரே நாளில் சேர்க்கப் பார்க்காதீர்கள். நாலு வீடு போதும். வருகிற கிழமை ஒரு காலை, உங்கள் முற்றத்திலேயே, இரண்டு பேசின் தண்ணீர், பத்துச் சிரட்டை, ஒரு குவியல் மணல். மற்றத் தாய்மார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள், பார்க்கட்டும். சிரட்டைகளில் ஒன்றிரண்டு கண் திறந்ததாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பும், துடைக்க ஒரு பழைய சாரமும் எடுத்து வையுங்கள். உங்களுக்கும் ஒரு மாற்றுடுப்பு.